கோட்டுக்குள் ஒரு காணி

நெய்வேலி டவுன்ஷிப்பில் சும்மா உட்கார்ந்திருக்க எத்தனையோ இடம் உண்டு. மரத்தடி உண்டு, மரத்தைச் சுற்றிச் சிமென்ட் மேடை உண்டு, பூங்கா உண்டு, பஸ் வராத நேரத்து பஸ் ஸ்டாப் உண்டு. உட்கார்ந்து வேலை செய்யத்தான் ஓர் இடம் கிடையாது. வேலை என்றால் சைக்கிளிலோ கம்பெனி பஸ்ஸிலோ ஏறி ஷிப்டுக்குப் போவது, வீடு என்றால் திரும்பி வந்து படுப்பது என்று வகுத்துக் கட்டிய ஊர் அது. இரண்டுக்கும் நடுவில் ஒருத்தன் கையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிற்பான் என்று எவன் நினைத்திருப்பான்? இதைப் புரிந்துகொள்ளக் கிளமென்டுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆகஸ்டில் அவன் அம்மா லூசியம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயிற்று, பேச்சிலும் பாதி போயிற்று. கிளமென்ட் ஒரே பிள்ளை. அப்பா பவுல்ராஜ் பழுப்பு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பிரிவில் ஷிப்ட் ஆள். அவர் இல்லாத நேரத்தில் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் வேலை விசித்திரமான வேலை. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொரு வயலின் விளிம்பிலும் மவுஸால் கோடு இழுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நிறம், சாலைக்கு ஒரு நிறம், வயலுக்குச் சிவப்பு. வயலெல்லாம் டென்மார்க் தேசத்து வயல். அந்தத் தேசத்தார் தங்கள் நிலத்துக்கு வரைபடம் போட ஆள் தேடி, அது கைமாறிக் கைமாறிச் சென்னையில் ஒரு மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஊருக்குப் போகிறேன் என்றபோது மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவனை விட மனமில்லை. கம்பெனி லேப்டாப்பைக் கையில் கொடுத்து, ஜனவரி முடிவதற்குள் ஒரு மாவட்டத்தின் படங்களை முழுசாக முடித்துக் கொடு, கொடுத்தால் ஊரிலிருந்தே நிரந்தரமாக வேலை பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு வழியைப் பார்த்துக்கொள் என்றார். ஆக, ஜனவரிக்குள் முடித்தால் அம்மாவும் உண்டு, சோறும் உண்டு. முடிக்காவிட்டால் இரண்டில் ஒன்றுதான்.

வீட்டிலேயே செய்யலாமே என்று யாரும் கேட்கலாம். அந்தக் குவார்ட்டர்ஸைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு கூடம், ஓர் அறை. கூடத்தில் அம்மாவின் கட்டில். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரத்தில் அறை பகலெல்லாம் இருட்டாகிவிடும்; அந்த நேரத்தில் ஸ்பூன் விழுந்தால்கூடக் குற்றம். மற்ற வாரங்களில் மாதா கோயில் அன்பியக் குழுவின் பெண்கள் ஜெபமாலையோடு வந்துவிடுவார்கள். நோயாளியின் மகன் ஜெபத்துக்கு நடுவே பொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? யாரும் வராத நாளில் அம்மாவே கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். மகன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான் என்றால் சும்மா இருக்கிறான் என்றுதானே அவளுக்கு அர்த்தம். அப்பாவும் அதே கட்சி. வேலையென்றால் வாசலைத் தாண்டிப் போய்ச் செய்வது என்பது அவர் தீர்மானம், முப்பது வருஷம் அப்படித்தான் செய்திருக்கிறார்.

கிளமென்ட் வாசலைத் தாண்டினான். நூலகத்துக்குப் போனான். நல்ல வெளிச்சம், நல்ல அமைதி. ஆனால் பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று, அதில் வாட்டர் கூலர். மனமகிழ் மன்றத்துக்குப் போனான். வாசலில் அய்யாசாமி என்கிற வாட்ச்மேன், அப்பா எந்த யூனிட், எந்த பிளாக் என்று பரிவோடு விசாரித்துவிட்டு, இருபத்தைந்து தாண்டிய பிள்ளைக்கு அனுமதி இல்லை தம்பி என்று அதே பரிவோடு திருப்பி அனுப்பினார். மாதா கோயில் பங்கு மண்டபத்தில் ஒரு வாரம் ஓட்டினான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அத்தனை பேருக்கும் பதில் சொல்லி முடித்தால் பொழுது சாய்ந்துவிடும். பிரவுசிங் சென்டரில் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடி அதிரவைத்தார்கள். வாரம் ஒருமுறை முடித்த வேலையைச் சென்னைக்கு அனுப்ப மட்டும் அங்கே போனான். அக்டோபர் போயிற்று. படங்கள் அப்படியே குவிந்து கிடந்தன.

மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் அந்த இடம் கிடைத்தது. டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் வடக்குத்து என்கிற ஊர். அங்கே சாலையோரம் ஒரு டீக்கடை, கடைக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு சார்ப்பு, அதில் ஒரு மேஜை, ஒரு நீள பெஞ்சு, சுவரில் ஒரு பிளக் பாயின்ட். கடை கொளஞ்சிநாதனுடையது. அவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். மத்தியானம் மூன்று மணிவரை கடையைப் பார்ப்பது அவர் மகள் செந்தாமரை. மனைவி தவறிப்போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. டீ குடித்துவிட்டு, இங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா என்று கிளமென்ட் தயங்கித் தயங்கிக் கேட்டான். மழை வுடற வரைக்கும் இருங்க, அதுக்கப்புறமும் இருங்க, பெஞ்சு சும்மாதான கெடக்குது என்றாள் அவள்.

அப்படி ஓர் இடம் சென்னை ஆபீசில்கூட அவனுக்கு வாய்க்கவில்லை. எதிரே வயல், முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் பால் மணம். யாரும் அவனிடம் எந்த பிளாக் என்று கேட்கவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. பைக்கில் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய் அவளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பிவிடலாம். கரண்ட் கட் ஆகும், அது ஒன்றுதான் குறை. டவுன்ஷிப்பில் கட் ஆகாத கரண்ட் அடுத்த ஊரில் ஆகும். அந்த நேரத்தில் பேட்டரியில் ஓட்டிவிட்டு, தீர்ந்துபோனால் வெறுமனே வயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். நவம்பரில் வேலை மளமளவென்று நகர்ந்தது. இரவில் நிம்மதியாகத் தூங்கினான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் கொளஞ்சிநாதன் டீயோடு வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. எங்கோ டென்மார்க்கில் சரளைக்கல் வெட்டி எடுக்கும் குவாரி. படிப்படியாய் இறங்கி, அடியில் தண்ணீர் தேங்கி, விளிம்பை ஒட்டி வயல்கள். கிளமென்ட் பள்ளத்துக்கு அடுத்த வயலைச் சுற்றிச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"இது குழிதான தம்பி?" என்றார்.

ஆமாம் என்றான், தலையைத் திருப்பாமல். பக்கத்துல நெலமா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றான். எடுக்கறதுக்குக் கோடு போடறீங்களா என்று இன்னும் மெல்லக் கேட்டார். காதில் சரியாக விழுந்ததோ இல்லையோ, கோடு சந்திக்கும் புள்ளியைத் தவறவிடக்கூடாது என்கிற கவனத்தில் அதற்கும் ஒரு ஆமாம் போட்டான். பாவி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து தம்பி என்றவர் சார் என்றார். கண்ணாடி டம்ளர் போய்ப் பீங்கான் கப் வந்தது. பெஞ்சில் சீட்டாட வருகிறவர்களை, போங்கடா அப்பால என்று விரட்டினார். கரண்ட் கட்டுக்கு அவரே எங்கிருந்தோ ஒரு பழைய இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். நல்ல மனுஷன், நம்மேல் பிரியம் வந்துவிட்டது என்றுதான் கிளமென்ட் நினைத்தான். வீட்டில் அம்மாவிடமும் சொன்னான். அவள் இடது கையால் சிலுவை போட்டு, அந்த முகம் தெரியாத டீக்கடைக்காரருக்காக வேண்டிக்கொண்டாள்.

மார்கழி பிறந்து, ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் கொளஞ்சிநாதன் பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊர்ல எல்லாரும் எங்க நெலத்த எடுக்காதீங்கன்னுதான் கேப்பாங்க. நான் அப்பிடி இல்லீங்க சார். எங்குளுது ஒரு காணி, ஏரிக்கரைப் பக்கம். அதக் கோட்டுக்குள்ள சேத்துடுங்க. கான்ட்ராக்ட்லயே காலம் போயிடிச்சி. நெலம் போனா எனக்கு பர்மனென்ட் வருமில்ல?"

சுற்றுவட்டாரத்தில் இந்தப் பேச்சு ஒன்றும் புதிதில்லை. மைன்ஸுக்கு நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு அங்கேயே நிரந்தர வேலை என்று ஒரு காலத்தில் நடந்தது. இனிமேலும் நடக்குமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரே கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில், ஒரே தூசியில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருத்தன் பர்மனென்ட், ஒருத்தன் கான்ட்ராக்ட். பர்மனென்டுக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். கிளமென்ட் அந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் அப்பாவின் வயசுக்காரர், தன் அப்பா செய்யும் வேலையையே செய்கிறவர் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கப், இன்வெர்ட்டர், சார் எல்லாம் எதற்கென்று புரிந்தது. சொல்லிவிட வேண்டியதுதானே? இது உங்கள் ஊர் இல்லை, டென்மார்க், நான் சர்வே ஆபீசரும் இல்லை, கூலிக்குக் கோடு போடுகிறவன் என்று நாலு வார்த்தை. வாய்வரை வந்தது. இன்னும் முடிக்காத படங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. சொன்னால் இந்த மேஜை இருக்குமா? வேறு இடம் தேடித் திரிய நாள் இருக்கிறதா? கட்டிலில் கிடக்கிற அம்மாவும் வந்தாள்.

"அதையெல்லாம் முடிவு பண்றது நான் இல்லீங்க," என்றான்.

வார்த்தை வார்த்தையாகப் பார்த்தால் அதில் பொய் இல்லை. ஆனால் உலகத்தில் எந்த ஆபீசரும் அப்படித்தான் பேசுவான். கொளஞ்சிநாதன் எழுந்து, தெரியும் சார், மேலதான முடிவாவும், ஞாபகத்துல வெச்சிகினா போதும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கிளமென்ட் அன்று சாயங்காலம் இழுத்த கோடெல்லாம் கோணலாகி, திரும்பப் போட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் செந்தாமரை வந்தாள். அவள் ப்ளஸ் டூ படித்தவள், கடையைத் தவிர எதிலும் அதிகம் பேசாதவள். கையில் கழுவின டம்ளர்களோடு வந்து திரையைக் காட்டிப் பேசினாள்.

"இது நம்மூரு இல்லன்னு எனக்குத் தெரியுங்க. நீங்க வூட்டுக்குப் போனப்ப தெறந்து கெடந்திச்சி. ஓரத்துல இருந்த பேரெல்லாம் படிச்சேன். வாயில நொழயல."

அவள் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றிச் சொன்னாள். மாப்பிள்ளை அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். சொந்தத்தில் கொஞ்சம் நெல் வயல், அம்மா மட்டும்தான். அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடிச்சிருக்குங்க என்று தரையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். ஐப்பசியில் அப்பாவும் சரி என்றுதான் இருந்தார். கார்த்திகைக்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது. பர்மனென்ட் வரட்டும், டவுன்ஷிப்புல குவார்ட்டர்ஸ் வரட்டும், அப்ப பாரு எப்பேர்ப்பட்ட எடத்துலேருந்து வரானுவோன்னு சொல்லிகினு இருக்காரு என்றாள். சேத்தியாத்தோப்புக்காரர்கள் தை முடிவதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நான் சொன்னேன், அது வேற தேசம்பான்னு. ஒனக்கு என்னா தெரியும்ன்றாரு. நீங்க சொன்னா நம்புவாரு. ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றான் கிளமென்ட்.

"எப்ப?"

"ஜனவரியோட என் வேலை முடிஞ்சிடும். முடிஞ்சதும் சொல்லிடறேன்."

கோபித்துக்கொண்டிருந்தால் அவனுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். சரிங்க என்றுவிட்டு டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்கப் போய்விட்டாள். அவனும் கோட்டுக்குத் திரும்பினான். தை முடியப் பிப்ரவரி ஆகும், அதற்குள் சொல்லிவிடப் போகிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். அந்தச் சமாதானத்தை நம்பவும் நம்பினான், மனுஷ மனசுக்கு அதுதானே பிழைப்பு.

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, பொங்கல் வந்து போயிற்று. பொங்கலன்று கொளஞ்சிநாதன் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு கரும்பும் கொடுத்தனுப்பினார். கிளமென்டால் அதை வாயில் வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு ஊட்டினான், அவள் ருசித்துச் சாப்பிட்டாள்.

ஜனவரி கடைசியில் வேலை முடிந்தது. மேனேஜர் போனில் அழைத்து, ஒரு கோடு பிசகில்லை, இனி நீ ஊரிலிருந்தே வேலை செய், உனக்கு கன்பர்மேஷன் ஆகிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா பவுல்ராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்துவிட்டார். அப்ப பர்மனென்டா என்று கேட்டார். ஆமாம்பா, பர்மனென்ட் என்றான் கிளமென்ட். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவனுக்கு வெட்கமாகிவிட்டது. சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அம்மாவின் கட்டிலில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனான்.

கொளஞ்சிநாதன் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். செந்தாமரை அடுப்புக்கு எதிரே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று கூப்பிட்டு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்தான். அந்தப் பள்ளத்தின் படத்தையே தேடி எடுத்தான். படத்தைச் சுருக்கிச் சுருக்கிக் காட்டினான். பள்ளம் புள்ளியாயிற்று, வயல்கள் பொடியாயின, கடலும் தீவுகளும் வந்தன. இது டென்மார்க் என்கிற தேசம், இங்கே பனி பெய்யும், இது உங்கள் நிலமும் இல்லை, இந்த மைன்ஸும் இல்லை, நான் எந்த ஆபீசிலும் ஆபீசர் இல்லை, நீங்கள் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இடம் போய்விடும் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னான்.

கொளஞ்சிநாதன் திரையை வெகு நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் வரவில்லை. ஏமாந்துபோன அடையாளமும் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது, செந்தாமரை திரும்பவில்லை.

"இந்தக் காணிக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் இல்ல?" என்று கடைசியில் கேட்டார்.

"இருப்பாருங்க."

"நீங்க இங்க வடக்குத்துல உக்காந்துகினு அவன் நெலத்துக்குக் கோடு போடறது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது மாதிரி ஆட்டினார். எழுந்து சார்ப்புக்கு வெளியே போய் ஏரிக்கரைப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"அப்ப நம்ம நெலத்துக்கும் எவனோ ஒருத்தன், எங்கியோ ஒரு தேசத்துல உக்காந்து போட்டுகினுதான் இருப்பான். நமக்கு எப்பிடித் தெரியும்?"

அப்படியில்லைங்க என்று கிளமென்ட் ஆரம்பித்தான். மேற்கொண்டு என்ன சொல்வது? அப்படி யாரும் இல்லை என்று அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? முதல் நாளில் ஒரு வார்த்தையில் அணைந்திருக்க வேண்டிய ஆசையை இத்தனை மாதம் பொத்திப் பொத்தி வளர்த்தவன் அவன்தான். இப்போது அதற்கு அவன் துணை தேவையில்லை. கொளஞ்சிநாதன் மகள் பக்கம் திரும்பி, நாளைக்குப் பதில் கேட்டுச் சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறவர்களை, நம் நிலத்துக்கு ஒரு முடிவு தெரிய வைகாசி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று, ஏதோ பால் கணக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் போனார். கிளமென்ட் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றான். அழுகை வந்தது, அழவில்லை.

செந்தாமரை அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தாள். பிறகு சார்ப்புக்கு வந்து சுவரிலிருந்து அவன் சார்ஜரைக் கழற்றி, வயரைச் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா, அப்பா சிரிச்சிட்டுப் போயிருப்பாருங்க."

அவன் சார்ஜரை லேப்டாப் பையில் போட்டான்.

"நீங்க இங்க வந்து உக்காந்துகினு இருக்கற வரைக்கும் அவரு காத்துகினுதான் இருப்பாரு. இனிமே வராதீங்க," என்றாள்.